உச்சுக் கொட்டும் சத்தம்

என் மேசைக்கு மேலே சுவரில் ஓர் எம்பிராய்டரி வளையம் தொங்குகிறது. துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூப்போடுவதற்கான சாதாரண மர வளையம்தான். ஆனால் இதில் துணிக்குப் பதிலாகத் தோல் நிறத்தில் ஒரு பழைய நைலான் காலுறை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதை மாவு சலிக்கிற ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒரு வகையில் சரிதான். மைக்குக்கு முன்னால் இதை நிறுத்திவிட்டால், 'ப' என்று அழுத்திச் சொல்லும்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் போய் அடிக்காது. குரல் மட்டும் சலித்தெடுத்ததுபோல் உள்ளே போகும். கடையில் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று எங்கள் இயக்குநர் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்கு, எங்கிட்ட கிழிஞ்ச சாக்ஸ் கெடக்கு" என்று அக்கா தானே செய்துகொண்டது இது. அவள் எந்நேரமும் கிராம்பு மெல்லுவாள். அந்த வாசனை நைலானில் ஏறிப்போய், வெகுநாள் வரை முகர்ந்தால் தெரிந்தது. இப்போது தூசிதான் மணக்கிறது.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. திருவனந்தபுரத்தில், கரமனையில், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து வீடியோ கம்பெனி நடத்தினோம் நாங்கள் சில பேர். நடத்தியது என்னவோ இயக்குநர்தான். மலையாளி, எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அதனால் சேட்டன். நான் எடிட்டர். அக்கா குரல் கொடுப்பவள். கம்பெனிக்கு இரண்டு முகம் இருந்தது. இணையத்தில் போடும் சிரிப்பு வீடியோக்கள் ஒன்று. சேட்டனுக்கு உயிரான டாக்குமெண்டரிகள் இன்னொன்று. யாரோ மூடி வைத்திருப்பதைத் திறந்து காட்டுவது, பிறகு வருகிற வக்கீல் நோட்டீசுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு கிடப்பது. "சிரிப்பு சோறு போடுது, மத்தது வம்பு கொண்டாருது. ரெண்டையும் ஒரே அடுப்புல வேவிக்கோம், பாத்துக்கோ மக்ளே" என்பாள் அக்கா. நாங்கள் சிரிப்போம். அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிப் பிழைத்த குடும்பம் அவளுடையது. வீட்டில் நாகர்கோவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அதை வைத்துத்தான் 'சாலை அத்தை' பிறந்தாள். பலசரக்குக் கடைக்காரரின் மனைவி. அத்தையின் முகத்தை நாங்கள் காட்டியதே இல்லை; வேடிக்கையே அதுதான். கடைக்காரரும் வாடிக்கைக்காரர்களும் வாசலில் வம்பளந்துகொண்டிருப்பார்கள். உள்ளறையிலிருந்து முதலில் ஓர் உச்சு வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற அந்த 'ச்சு'. கடைக்காரர் அப்படியே தராசைக் கீழே வைத்துவிடுவார். பிறகு, "அதில்லப்பா காரியம்" என்று ஆரம்பித்து அத்தை அத்தனை பேரையும் கழுவி ஊற்றுவாள். அந்த உச்சுக்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் உச்சுக் கொட்டிச் சிரித்தார்கள். பக்கத்தில் பையும் குடையுமாக நிற்கிற பெண்மணிதான் அத்தை என்று ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கு அதில் பெரிய கர்வம். காய்கறிக் கடையில் வேண்டுமென்றே ஒரு தடவை உச்சுக் கொட்டிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவள்போல் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் எத்தனையோ முறை செய்து பார்த்தேன். வரவில்லை. "ஒனக்குப் பல்லி கத்துன மாதிரில்லா இருக்கு" என்று கேலி செய்வாள்.

நம் வீடுகளில் உச்சுக் கொட்டுவது இரக்கத்துக்கு. அடுத்த வீட்டில் சாவு என்றாலும், குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும், வார்த்தைக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும். அதைத்தான் நாங்கள் எடுத்துச் சிரிப்புக்கு வைத்துக்கொண்டிருந்தோம். அப்போது இப்படியெல்லாம் நான் யோசித்தது கிடையாது.

அந்தக் கடைசி டாக்குமெண்டரி எந்த மலையைப் பற்றியது என்று சொல்லப்போவதில்லை. கல்லாறு என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளுங்கள். போனக்காடு என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டும் இல்லை. மலைச்சரிவில் ஒரு சொகுசு விடுதி. விருந்தினர்கள் படகு விடுவதற்காக ஓடையை மறித்துக் கரை கட்டி, இரும்பு மதகு வைத்திருந்தார்கள். ஒரு மழைநாளில், கீழே ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த தாயையும் மகளையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்த தமிழ்க் குடும்பம். மலைவெள்ளம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதே லயத்திலிருந்து விடுதிக்குத் தரை துடைக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, மதகுச் சக்கரத்தைத் திருகியது யார் என்று பார்த்திருந்தார். கீழே ஆள் இருக்கிறது என்று அவர் கத்தியதையும் மீறித் திறந்துவிட்டிருக்கிறார்கள். கரை உடைந்துவிடும் என்ற பயம். படகுகள் புதியவை.

அந்த அம்மா எங்களிடம் பேச ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். அவர் கேட்டது ஒன்றுதான். "எம் மொகமும் தெரியக் கூடாது, எங் கொரலும் தெரியக் கூடாதுங்க. எம் மக இன்னும் அங்கதான் ரூம் கூட்டுறா. அவளுக்கு ஒண்ணு ஆனா நான் உசுரோட இருக்க மாட்டேன்." சேட்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்.

முகத்தை மறைப்பது எளிது. முதுகுப் பக்கம் கேமரா, ஜன்னலில் மழை. குரல்தான் தொல்லை. வழக்கமாகக் கம்ப்யூட்டரில் குரலைக் கனமாக்கி ராட்சசன்போல் செய்வார்கள். கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் என் சிநேகிதி ஒருத்தியிடம் வேறொரு பேச்சை அப்படி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் பழைய குரலை மீட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த வழி அத்தோடு அடைபட்டது. அப்போதுதான் அக்கா, "அவங்க சொன்னத நான் சொல்லுதேன். எங் கொரல எடுத்து எவன் என்ன தோண்டினாலும் நாந்தானே வருவேன்" என்றாள். சாலை அத்தையின் சாயல் துளியும் வராமல் எஸ்டேட் பேச்சைப் பேசிக் காட்டினாள். கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தோம். தினமும் படியில் அக்காவோடு பேசுகிறவர், "பாவம், யாரிது?" என்று கேட்டார். எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது.

எங்களுடைய ஒலிப்பதிவு அறை ஒரு மர அலமாரி. துணிமணியை எடுத்துவிட்டு உள்ளே ரஜாய்களை, கனத்த பஞ்சுப் போர்வைகளை, தொங்கவிட்டிருந்தோம். அக்கா அதற்குள் நுழைந்து நின்று கதவை ஒருக்களித்துக்கொள்வாள். வெளியே அவளுடைய செருப்பு மட்டும் கிடக்கும். காதில் அந்த அம்மாவின் பேச்சு ஓடும். ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், வளையத்துக்கு இந்தப் பக்கம் நின்று அதை அப்படியே சொல்வாள். வார்த்தையை மட்டுமல்ல; மூச்சு எங்கே இழுத்தாரோ அங்கே இழுத்து, எங்கே திக்கினாரோ அங்கே திக்கி. "ஆறு தானா வரலங்க. தொறந்து விட்டாங்க." அதற்கடுத்து வந்தது இதுதான்: "ச்சு... அந்தப் புள்ளய எடுத்தப்போ கையில சோப்பு இருந்துச்சுங்க. சோப்ப விடல."

அக்கா வெளியே வந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சேட்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்த உச்சு எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. உச்சை வைத்தே பிழைத்தவர்கள் நாங்கள், ஆனாலும் விழவில்லை. அது அந்த அம்மாவின் உச்சு, துக்க வீட்டு உச்சு. அக்கா அதை இருந்தபடியே எடுத்துக் கொடுத்திருந்தாள். வேறு எந்தக் கம்பெனியில் இருந்தாலும் அது ஒரு தவறே இல்லை.

படம் வெளியானது. முதல் நாளிலேயே யாரோ கீழே எழுதினார்கள்: இது நம்ம சாலை அத்தைதானே? அவ்வளவுதான். பேச்சில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உச்சு வந்த இடத்தில் ஊர் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அடியில் கூட்டச் சிரிப்பைச் சேர்த்து ஒருவர் போட்டார். சாதாரணமாக விளையாட்டுக்குச் செய்தவர்தானா, இல்லை விடுதிக்காரர்கள் செய்ய வைத்ததா, இன்றுவரை தெரியாது. "ச்சு, சோப்ப விடல" என்பது ஒரு வேடிக்கை வாக்கியமாகிவிட்டது. ஆட்டோவின் பின்னால் எழுதினார்கள். செத்துப்போன ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்த சோப்பை வைத்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அந்த வாரம் கண்ணில் பட்டவர்களோடெல்லாம் சண்டை போட்டேன். விடுதி முதலாளி தொலைக்காட்சியில் மிகவும் பொறுமையாகப் பேசினார். காமெடி செய்கிறவர்கள், நடிகையை வைத்துச் செய்திருக்கிறார்கள், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது என்றார். பிறகு வழக்குப் போட்டார்.

சேட்டனுக்கு அது பொறுக்கவில்லை. அசல் பேச்சு எங்களிடம் இருக்கிறது, நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுவோம் என்று குதித்தார். கூடாது, அதை அழித்துவிட வேண்டும் என்றாள் அக்கா. அன்று பகல் முழுவதும் இரண்டு பேருக்கும் தர்க்கம். "ஒறிஜினலும் போயா பின்னே நம்மள் எல்லாரும் கள்ளன்மாராகும். மனசிலாயோ?" என்று அவர் கத்தினார்; அசலும் போய்விட்டால் நாமெல்லாம் பொய்யர்கள் ஆகிவிடுவோம், புரிகிறதா என்று. அக்கா கிராம்பை மென்றுகொண்டே, "ஆவட்டும். கள்ளின்னு சொன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராது. கோர்ட்டுல அந்தக் கொரலப் போட்டா, மறுநா அந்தப் பொண்ணு ரூம் கூட்டப் போவாளா?" என்றாள். அவருடைய வாழ்நாளில் அதைவிட உண்மையான ஒரு பதிவு அவருக்குக் கிடைத்ததில்லை. சாயங்காலம் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, எங்களிடமிருந்த எல்லாப் பிரதிகளையும் அவரே அழித்தார். அழுதுகொண்டேதான் அழித்தார். அதற்குப் பிறகு அந்த வாக்குமூலத்துக்கு உலகத்தில் அக்காவின் குரலைத் தவிர வேறு குரல் இல்லை.

அந்த வழக்கில் அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்; நானும் கூடப் போயிருந்தேன். யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள். "அந்த வீடியோவுல பேசுனது நான். வேற யாரும் பேசல. எழுதிக்கோங்கோ" என்றாள். உனக்குச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "அது கோர்ட்டுல சொல்லுதேன்" என்றாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திரும்பும் வழியில் ஓட்டலில் நெய்ரோஸ்ட் வாங்கித் தரச் சொல்லி இரண்டு சட்னியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பயப்படவில்லை என்றுதான் நினைத்தேன்.

பயம் அதற்கடுத்த வாரம் சாலைக் கடைத்தெருவில் வந்தது. அவளே சொன்னது. வெண்டைக்காய் கால் கிலோ என்று கேட்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்களாம். திரும்பினால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், ரசிகன்போல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்னொருவன். ஆட்டோவில் இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு 'ச்சு'. "அவன் சிரிப்பாண்டி காட்டுகானா, அளவெடுக்கானான்னு எனக்குத் தெரியலையே மக்ளே" என்றாள். அதுதான் கொடுமை. அவளை நேசித்தவர்களும் அவளைத் தேடியவர்களும் ஒரே சத்தத்தைத்தான் எழுப்பினார்கள்.

முகம் யாருக்கும் தெரியாது. அவளைக் காட்டிக்கொடுக்கக் குரல் ஒன்றுதான் இருந்தது. எனவே பேச்சை நிறுத்தினாள். வாய் ஓயாத அந்த மனுஷி, காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கத் தொடங்கினாள். ஆட்டோக்காரரிடம் துண்டுக் காகிதத்தை நீட்டினாள். கடைக்காரர் ஒருவர் ஊமை என்று இரக்கப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளிப் போட்டாராம். அதை எனக்கு எழுதிக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. வீட்டு ஜன்னலில் கல் விழுந்த பிறகு, ஒரு காலையில் கம்பெனிக்கு வந்து வளையத்தை என் கையில் கொடுத்தாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பது நல்லது என்று எனக்கும் அந்த அளவு புரிந்திருந்தது. சேட்டன் கம்பெனியை மூடிவிட்டு வேறு ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறார். வழக்கு இன்னும் நடக்கிறது. நடித்தேன், பொய் சொன்னேன் என்று அக்கா கேமராவுக்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் விடுதிக்காரர்களுக்குப் போதும். அதற்காகத்தான் தேடுகிறார்கள். அதை மட்டும் அவள் சொல்ல மாட்டாள்.

அந்த அம்மாவை நான் மறுபடி ஒரே ஒரு தடவை பார்த்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், மூட்டையும் பெட்டியுமாக, மகளோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவழியாக மலையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் இதையெல்லாம் என்னால் இப்போது எழுத முடிகிறது. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். "எம் பேச்சப் பேசுனாங்களே, அவங்க நல்லா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். படத்தை லயத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து போனில் பார்த்தார்களாம். "அந்த எடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காட்டி நாந்தான்னு கண்டுபிடிச்சிருவாங்கல்ல?" என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அந்த உச்சுத்தான். பஸ் வந்துவிட்டது. நான் அங்கேயே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குப் பயிற்சி வீடியோக்கள் வெட்டுகிறேன். அதில் யாரும் சிரிப்பதும் இல்லை, யாரும் வழக்குப் போடுவதும் இல்லை. அவ்வப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால் பேச்சு இருக்காது. ஏதோ கிராம்பைக் கடிக்கிற மெல்லிய நொறுங்கல், பிறகு ஓர் உச்சு. அவ்வளவுதான், அக்கா இருக்கிறாள் என்று அர்த்தம். நான் பதிலுக்கு என்னுடைய பல்லிச் சத்தத்தை எழுப்புவேன். அந்தப் பக்கம் மூச்சு குலுங்குவது கேட்கும். கொஞ்ச நாளாக அந்த அழைப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒன்று வந்தது. எடுத்தேன். பேச்சில்லை. காத்திருந்தேன். நொறுங்கல் இல்லை. எடிட்டருக்கு மௌனங்களை வகை பிரித்துக் கேட்கத் தெரியும். தினமும் அதைத்தான் வெட்டி ஒட்டுகிறோம். இது வீட்டுக்குள் இருக்கும் மௌனம் இல்லை. ஏசி ஓடும் காருக்குள் இருப்பது. இண்டிகேட்டர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். "அக்கா" என்று நான் சொல்லிவிட்டால், அவள் என்னை அழைக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இணைப்பைத் துண்டித்தாலும் தெரிந்துவிடும். தேடுகிறார்கள் என்றால் இன்னும் அகப்படவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வளையத்தை ஆணியிலிருந்து எடுத்துப் போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கை தானாகப் போயிற்று. உச்சுக் கொட்டினேன்.

பல்லிச் சத்தம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது சரியாக வந்தது, அக்காவுடையது போலவே.

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் நின்றது. பிறகு ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக, "ஓ... அத்தை அவிடெத்தன்னே உண்டு, அல்லே?" என்றது. அத்தை அங்கேயேதான் இருக்கிறாள், இல்லையா? போன் அணைந்தது. இனி அவர்கள் அக்காவை என் வீட்டில்தான் தேடுவார்கள்.

அவர்கள் தமிழ் படிக்கிறவர்கள் இல்லை. யாராவது இதைப் படித்துச் சொன்னாலும் சரி; எந்த உச்சு யாருடையது என்று இனி அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். வளையத்தைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டேன். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து லிஃப்டுக்குள் ஏறினேன். கதவு மூடுகிற நேரத்தில் பின்னால் யாரோ உள்ளே வந்து நின்று, மெதுவாக உச்சுக் கொட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.